முதுமையில் இடுப்பு எலும்பு முறிவு: திருகா, பகுதி மூட்டா, முழு மூட்டா?

முதியவர் ஒருவர் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டியதும், குடும்பத்தார் ஓரிரு நாள்களுக்குள் ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது. முறிந்த எலும்பைத் திருகு போட்டு நிறுத்துவதா, தொடை எலும்பின் தலையை மட்டும் எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்தும் பகுதி மூட்டு மாற்றா, இடுப்புக் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றும் முழு மூட்டு மாற்றா என்பதே கேள்வி. அப்போது மருத்துவரிடம் பெரும்பாலும் முதலில் கேட்கப்படுவது, "இது எத்தனை வருஷம் தாங்கும்?" என்பதுதான். நியாயமான கேள்வி, ஆனால் அதற்கு விடையாகக் கிடைக்கும் எண், கேட்டவர் நினைக்கும் பொருளில் பெரும்பாலும் அமைவதில்லை. விழுவதற்கு முந்தைய நாள்வரை அவர் எப்படி நடமாடிக்கொண்டிருந்தார் என்பது தெரியாமல், உலோக மூட்டின் ஆயுளை மட்டும் வைத்து எடுக்கப்படும் முடிவு பாதி முடிவே என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை, பகுதி மூட்டு மாற்றைப் பற்றி இதுவரை கிடைத்துள்ள நீண்ட கால முடிவுகளைக் கொண்டு பார்ப்போம்.

முதலில், முறிவு எங்கே என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இடுப்பு மூட்டைச் சுற்றி ஓர் உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே, தொடை எலும்பின் கழுத்துக்குக் கீழுள்ள புடைப்புப் பகுதியில் முறிந்தால், அங்கே இரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் எலும்பு பொதுவாகக் கூடிவிடும். பெரும்பாலும் தகடும் திருகும் கொண்டோ, எலும்பின் குழாய்க்குள் செலுத்தப்படும் ஆணி கொண்டோ அதை நிறுத்துகிறார்கள். மூட்டு மாற்று என்ற பேச்சு அங்கே அரிதாகவே எழுகிறது. உறைக்குள் கழுத்தே முறிந்தால் நிலைமை வேறு. தொடை எலும்பின் தலைக்கு வேண்டிய இரத்தத்தில் பெரும்பகுதி, கழுத்தின் மேற்பரப்பை ஒட்டி மேலேறும் சிறு நாளங்கள் வழியாகவே செல்கிறது. கழுத்து முறிந்து துண்டுகள் இடம் விலகினால் இந்த நாளங்கள் கிழிந்துவிடுகின்றன. பிறகு எவ்வளவு நேர்த்தியாகத் திருகு போட்டாலும், இரத்தம் கிடைக்காத தலை மாதக்கணக்கில் மெல்ல மடிந்து சிதையலாம், அல்லது முறிவு கூடாமலேயே நின்றுவிடலாம். எனவே இடம் விலகிய முறிவா, விலகாத முறிவா என்பதே மருத்துவர் எக்ஸ்ரேயில் முதலில் தேடுவது. 1961-இல் கார்டன் வகுத்த நான்கு நிலைகளில் முதல் இரண்டு விலகாதவை, பின் இரண்டு விலகியவை. நடைமுறையில் இந்த இரட்டைப் பிரிவே முடிவைத் தீர்மானிக்கிறது.

இறந்துபோகக்கூடிய தலையைக் காப்பாற்ற முயல்வதைவிட, அதை எடுத்துவிட்டு உலோகத் தலை வைப்பதே மேல் என்ற எண்ணம் புதியதன்று. அமெரிக்க மருத்துவர் ஆஸ்டின் மூர் 1940-களின் தொடக்கத்திலேயே உலோகத் தலை பொருத்தியதை வெளியிட்டார். 1950-களில் அவர் பெயராலும் தாம்சன் பெயராலும் வழங்கிய தண்டுகள் உலகெங்கும் பரவின. இன்றைய பகுதி மூட்டும் அடிப்படையில் அதே அமைப்புதான். தொடை எலும்பின் உள்ளே இறங்கும் ஒரு தண்டு, அதன் மேல் நோயாளியின் சொந்தத் தலையின் விட்டத்துக்கு ஏற்ப அளந்து தேர்ந்த ஒரு பெரிய உருண்டை. அந்த உருண்டை, நோயாளியின் சொந்தக் கிண்ணத்திலுள்ள குருத்தெலும்பின் மீது நேரடியாக உரசிச் சுழல்கிறது. இந்த முறையின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. உருண்டை பெரிதாக இருப்பதால் மூட்டு எளிதில் நழுவாது. ஆனால் உலோகத்தை எதிர்த்து நிற்பது உயிருள்ள குருத்தெலும்பு என்பதால் அது காலப்போக்கில் தேயக்கூடும்.

திருகும் பகுதி மூட்டும்

இடம் விலகிய முறிவில், எழுபது வயதைக் கடந்தவர்களைப் பொறுத்தவரை, திருகுக்கும் மூட்டு மாற்றுக்கும் இடையிலான போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது எனலாம். ஸ்வீடனில் பன்னிரண்டு மருத்துவமனைகள் சேர்ந்து, எழுபது வயதுக்கு மேற்பட்ட 409 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து, பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தன. திருகு போடப்பட்டவர்களில் 45.6 விழுக்காட்டினருக்கு அந்தச் சிகிச்சை தோல்வியடைந்தது. மூட்டு மாற்றப்பட்டவர்களில் 8.8 விழுக்காட்டினருக்கு மட்டுமே அப்படி ஆயிற்று. இந்தத் தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்தன என்பது இன்னும் முக்கியம். எண்பது வயதில் ஒரு அறுவை சிகிச்சையைத் தாங்கி, வலியோடு பல மாதங்கள் நடக்கப் பழகி, பிறகு எலும்பு கூடவில்லை என்று மீண்டும் அறுவை அரங்குக்குப் போவது, முதியவரிடம் மிச்சமிருக்கும் வலுவைப் பெரிதும் கரைத்துவிடும். திருகின் அறுவை சிறியது, இரத்த இழப்பு குறைவு என்பது உண்மையே. அந்த ஆதாயத்தை இரண்டாம் அறுவை விழுங்கிவிடுகிறது.

எந்தத் திருகு என்பதும் பெரிய மாற்றத்தைத் தரவில்லை. ஃபெய்த் என்ற பன்னாட்டு ஆய்வு ஐம்பது வயதைக் கடந்த 1,108 பேரில் பல சிறு திருகுகளையும், சறுக்கும் ஒற்றைத் திருகையும் ஒப்பிட்டது. விலகியதும் விலகாததுமான முறிவுகள் அதில் கலந்திருந்தன. இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை முறையே 22 விழுக்காடு, 20 விழுக்காடு. அதாவது இரண்டிலும் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு.

விலகாத முறிவில்தான் திருகுக்கு இன்னும் வலுவான இடம் இருப்பதாக நெடுங்காலம் நம்பப்பட்டது. அந்த நம்பிக்கையிலும் இப்போது விரிசல் விழுந்திருக்கிறது. நார்வேயில் எழுபது வயதும் அதற்கு மேலுமான 219 பேரிடம் நடந்த ஆய்வில், இரண்டு ஆண்டு முடிவில் இடுப்பின் செயல்பாட்டு மதிப்பெண்ணில் இரு பிரிவினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. ஆனால் பெரிய மறு அறுவை திருகுப் பிரிவில் 20 விழுக்காடாகவும், பகுதி மூட்டுப் பிரிவில் 5 விழுக்காடாகவும் இருந்தது. எழுந்து நடந்து திரும்பி உட்காரும் வேகத்திலும் பகுதி மூட்டு பெற்றவர்கள் முந்தினர். இதைக் கொண்டு விலகாத முறிவு எல்லாவற்றுக்கும் மூட்டு மாற்ற வேண்டும் என்று சொல்ல நான் துணியமாட்டேன். திருகு போட்ட ஐவரில் நால்வர் தம் சொந்த மூட்டோடு வாழ்கிறார்கள் என்பதும் அதே எண்ணின் மறுபக்கம். ஆனாலும் "விலகவில்லை, எனவே கவலையில்லை" என்று சொல்லப்படும்போது, அந்த 20 விழுக்காட்டைப் பற்றி ஒரு கேள்வி கேட்பது குடும்பத்தாரின் உரிமை.

"பத்து ஆண்டு முடிவு" என்பது யாருடைய முடிவு?

மேலே சொன்ன ஸ்வீடன் ஆய்வுக்கு ஒருமுறை திரும்பிச் செல்ல வேண்டும். பத்தாண்டு முடிவில், அதில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் உயிரோடு இல்லை. மூட்டு மாற்றில் 8.8 விழுக்காடே தோல்வி என்று படிக்கும்போது, மீதி 91 விழுக்காட்டினரும் பத்தாண்டுகள் நன்றாக நடந்தார்கள் என்ற படம் நம் மனத்தில் எழுகிறது. உண்மையில் அவர்களில் பெரும்பாலோர் அந்த மூட்டு தோற்றுப்போக நேரம் வருவதற்கு முன்பே, வேறு நோயாலோ முதுமையாலோ இறந்துவிட்டவர்கள். மூட்டு அவர்களைக் கைவிடவில்லை என்பது சரி. மூட்டு நீண்ட காலம் சோதிக்கப்பட்டது என்பது சரியன்று.

இது புள்ளியியல் நுணுக்கம் மட்டுமன்று, முடிவெடுப்பவருக்கு நேரடியாகப் பொருள் தருவது. இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில், ஓராண்டுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. விழுவதற்கு முன்பே உடல் தளர்ந்து, பல நோய்களோடு, வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தவர்களிடம் இந்த அளவு இன்னும் கூடுதல். அப்படிப்பட்டவருக்குக் குருத்தெலும்பு எட்டாவது ஆண்டில் தேயுமா என்ற கேள்வி பெரும்பாலும் எழாமலேயே போகிறது. மாறாக, 68 வயதில் தனியாக வெளியே போய்வந்து, மாடிப்படி ஏறி இறங்கி, வேறு பெரிய நோயில்லாமல் இருந்து, தடுக்கி விழுந்த ஒருவருக்கு முன்னால் பதினைந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ இருக்கலாம். ஒட்டுமொத்தக் கூட்டத்தின் 8.8 விழுக்காடு அவருக்குப் பொருந்தாது. அவருடைய மூட்டு அதைவிட அதிக ஆண்டுகள், அதைவிட அதிக உரசலைச் சந்திக்கப்போகிறது. ஒரே எண், இரண்டு பேருக்கு இரண்டு செய்தி சொல்கிறது.

இன்னொரு மறைவும் உண்டு. நீண்ட கால ஆய்வுகள் பெரும்பாலும் எண்ணுவது மறு அறுவையை. கிண்ணம் தேய்ந்து கவட்டில் வலி வந்து, கோலின் துணையோடு வீட்டுக்குள் அடங்கிவிட்ட 86 வயதுக்காரருக்கு, இனி இன்னொரு அறுவை வேண்டாம் என்று மருத்துவரும் குடும்பமும் முடிவு செய்தால், அவர் பதிவேட்டில் வெற்றியாகவே நிற்பார். மறு அறுவை குறைவாக இருப்பது வலி குறைவாக இருந்ததற்குச் சான்றாகாது. ஆகவே எந்த ஆய்வை வாசித்தாலும், மறு அறுவை விகிதத்தோடு, உயிரோடிருந்தவர்களின் வலியும் நடையும் தனியாக அளக்கப்பட்டனவா என்று பார்ப்பது நல்லது. அப்படி அளந்த ஆய்வுகளிலும், பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் எஞ்சியவர்கள் சிறு எண்ணிக்கையினராகவே இருப்பார்கள் என்பதால், "வேறுபாடு இல்லை" என்ற முடிவு சில வேளைகளில் "வேறுபாட்டைக் காண ஆள் போதவில்லை" என்றே பொருள்படும்.

பகுதி மூட்டும் முழு மூட்டும்

உண்மையான தயக்கம் எழுவது இங்கேதான். முழு மூட்டு மாற்றில் கிண்ணத்துக்குள்ளும் ஒரு செயற்கைக் குழி பொருத்தப்படுவதால், தேய்வதற்குக் குருத்தெலும்பே இல்லை. வலி குறைவு, நடை நீளம். விலையாக, அறுவை நேரம் கூடுகிறது, இரத்த இழப்பு கூடுகிறது, உருண்டை சிறிதாக இருப்பதால் மூட்டு நழுவும் வாய்ப்பும் கூடுகிறது.

இந்தக் கேள்விக்கென நடந்த ஆய்வுகளில் மிகப் பெரியது, 2019-இல் வெளிவந்த ஹெல்த் ஆய்வு. பத்து நாடுகளில் எண்பது மையங்களில், விழுவதற்கு முன் பிறர் துணையின்றி நடந்துகொண்டிருந்த, ஐம்பது வயதைக் கடந்த 1,495 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். இரண்டு ஆண்டுகளில் மறு அறுவை தேவைப்பட்டவர்கள் முழு மூட்டில் 7.9 விழுக்காடு, பகுதி மூட்டில் 8.3 விழுக்காடு, வேறுபாடு இல்லை என்றே கொள்ள வேண்டும். மூட்டு நழுவுதலோ முறையே 4.7, 2.4 விழுக்காடு. வலியும் செயல்பாடும் முழு மூட்டுப் பிரிவில் சற்று மேலாக இருந்தன. ஆனால் அந்த மேன்மை நோயாளியே உணரக்கூடிய அளவுக்குக் கீழே இருந்தது. இதை மட்டும் படித்தால், எளிய அறுவையான பகுதி மூட்டே எல்லோருக்கும் போதும் என்ற முடிவுக்கு வருவது இயல்பு. பலர் அப்படித்தான் வந்தார்கள்.

ஆனால் அதே ஆய்வின் உள்ளே இன்னொரு செய்தி இருக்கிறது. மறு அறுவைகள் எப்போது நிகழ்ந்தன என்று பிரித்துப் பார்த்தபோது, முதல் ஆண்டில் முழு மூட்டுப் பிரிவில் சற்றுக் கூடுதலாகவும், இரண்டாம் ஆண்டில் பகுதி மூட்டுப் பிரிவில் தெளிவாகக் கூடுதலாகவும் இருந்தன. முழு மூட்டு தன் தொல்லைகளை முன்னதாகவே தந்துவிடுகிறது. பகுதி மூட்டு தாமதமாகத் தொடங்குகிறது. இரண்டு கோடுகளும் குறுக்கிடும் இடத்தில் ஆய்வு நின்றுவிட்டதாகவே எனக்குப் படுகிறது. பத்தாண்டுக்கு மேல் வாழப்போகிறவரின் முடிவை இரண்டு ஆண்டு எண்ணால் தீர்ப்பது சரியாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

நீண்ட காலம் தொடர்ந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத விடைகளையே சொல்கின்றன. ஸ்டாக்ஹோமில், மனத்தெளிவுடன் தாமாக நடமாடிவந்த 120 முதியவர்களிடம் நடந்த ஒப்பீட்டில், முழு மூட்டு பெற்றவர்கள் ஓராண்டிலேயே முந்தியிருந்தார்கள். நான்காம் ஆண்டில் அந்த இடைவெளி விரிந்து, இடுப்பின் செயல்பாட்டுக்கு 100-க்கு முறையே 89, 75 என்ற மதிப்பெண்களில் நின்றது. நெதர்லாந்தில் எழுபது வயதைக் கடந்த 252 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வோ, செயல்பாட்டிலும் மறு அறுவையிலும் இறப்பிலும் வேறுபாடு காணவில்லை. முழு மூட்டுப் பிரிவில் மூட்டு நழுவியவர்கள் மட்டும் கூடுதலாக இருந்தனர். இங்கிலாந்தில் நடந்து 2000-இல் வெளிவந்த பழைய ஆய்வு ஒன்றின் பதின்மூன்று ஆண்டு முடிவில், மறு அறுவை திருகில் 33 விழுக்காடு, பகுதி மூட்டில் 24 விழுக்காடு, முழு மூட்டில் ஏறக்குறைய 7 விழுக்காடு. பகுதி மூட்டுக்கு மிகப் பாதகமான இந்தக் கடைசி எண்ணை மேற்கோள் காட்டுபவர்கள், அதில் பயன்பட்டது சிமெண்ட் இல்லாத பழைய ஆஸ்டின் மூர் தண்டு என்பதையும், அதே ஆய்வில் முழு மூட்டு நழுவியது 20 விழுக்காடு என்பதையும் சேர்த்துச் சொல்வது குறைவு. இன்றைய சிமெண்ட் தண்டுக்கு அந்த 24-ஐப் பொருத்துவது நேர்மையாகாது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால், முரண் தோன்றுவது யாரைச் சேர்த்தார்கள் என்பதில். ஸ்டாக்ஹோம் ஆய்வு, ஆதாயம் பெறக்கூடியவர்களையே தேர்ந்தெடுத்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ் வகுத்துள்ள அளவுகோலும் இதே திசையில்தான் இருக்கிறது. வெளியில் ஒரு கைத்தடிக்கு மேல் துணையின்றி நடந்து வந்தவர், அறுவையைத் தாங்கத் தடையான நோய்கள் இல்லாதவர், இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் தம் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொண்டு வாழக்கூடியவர் என்று எதிர்பார்க்கப்படுபவர், இந்த மூன்றும் ஒருங்கே பொருந்துபவருக்கு முழு மூட்டைக் கருதலாம். மற்றவர்களுக்குப் பகுதி மூட்டு. இந்த அளவுகோலில் வயது என்ற எண் எங்கும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எண்பது வயதில் தினமும் வெளியே நடந்து வந்தவர் முழு மூட்டுக்குத் தகுதி பெறலாம். 65 வயதில் பக்கவாதத்தால் கட்டிலோடு இருப்பவர் பெறமாட்டார். "வயசாகிவிட்டது, பாதி போதும்" என்று சொல்லப்படும்போது, எந்த அளவுகோலின்படி என்று பணிவாகக் கேட்கலாம்.

மறதி நோய் உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலைக் குறுக்காகப் போடாதே, தாழ்வான இருக்கையில் உட்காராதே, குனிந்து எடுக்காதே என்ற எச்சரிக்கைகளை நினைவில் வைத்திருக்க முடியாதவரிடம், சிறிய உருண்டை கொண்ட முழு மூட்டு நழுவும் ஆபத்து மிகுதி. நழுவிய மூட்டை மயக்கம் கொடுத்து மீண்டும் உள்ளே சேர்ப்பதும், அது மறுபடி நழுவுவதும் அவர்களுக்கு நேரும் கொடுமைகளில் ஒன்று. பார்க்கின்சன் நோய், பக்கவாதம் ஆகியவற்றிலும் இதே கவலை உண்டு. இவர்களுக்குப் பகுதி மூட்டே பொருத்தம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நழுவுதலைக் குறைக்க, ஓர் உருண்டைக்குள் இன்னோர் உருண்டை சுழலும் இரட்டை அசைவுக் கிண்ணங்கள் இப்போது முழு மூட்டில் பரவலாகப் பயன்படுகின்றன. பிரான்சில் 1970-களில் பிறந்த இந்த அமைப்பு, எலும்பு முறிவுக்கு எவ்வளவு ஆதாயம் தருகிறது என்பதை, பொதுவான முழு மூட்டின் எண்களைக் கொண்டு கணிக்கக் கூடாது.

அறுவை செய்பவரின் பழக்கமும் இதில் சேர வேண்டும். முழு மூட்டைத் தொடர்ந்து செய்துவரும் கை, அவசர இரவில் கிடைக்கும் என்ற உறுதி எல்லா மருத்துவமனையிலும் இல்லை. நன்றாகச் செய்த பகுதி மூட்டு, தடுமாறிச் செய்த முழு மூட்டைவிட மேலானது. அனுபவமுள்ளவருக்காக ஒரு நாள் காத்திருப்பதில் தவறில்லை. பல நாள்கள் காத்திருப்பது தவறு. ஹிப் அட்டாக் என்ற ஆய்வு 2,970 பேரை வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்வதையும் வழக்கமான 24 மணி நேர அளவையும் ஒப்பிட்டபோது இறப்பு குறையவில்லை. ஆகவே கேள்வி கேட்கவும் கலந்து பேசவும் நேரம் உண்டு. ஆனால் மருத்துவமனையில் சேர்ந்த நாளிலோ மறுநாளிலோ அறுவை நடந்துவிட வேண்டும் என்ற வழிகாட்டுதல் மாறவில்லை. படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் நுரையீரல் தொற்றுக்கும் படுக்கைப் புண்ணுக்கும் இடம் தருகிறது.

சிமெண்ட்

பகுதி மூட்டு என்று முடிவானபின், குடும்பத்தார் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. தண்டு எலும்புச் சிமெண்டால் பிணைக்கப்படுமா, அல்லது எலும்புக்குள் இறுக்கித் தட்டி நிறுத்தப்படுமா? நீண்ட கால முடிவை இது பாதிக்கும் அளவை நினைத்தால், இதற்குக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு.

2022-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வு ஒன்று, அறுபது வயதைக் கடந்த 1,225 பேரிடம் சிமெண்ட் தண்டையும் நவீனச் சிமெண்டில்லாத் தண்டையும் ஒப்பிட்டது. நான்கு மாதத்தில் வாழ்க்கைத் தரம் சிமெண்ட் பிரிவில் மேலாக இருந்தது. தண்டைச் சுற்றி எலும்பு மீண்டும் முறிந்தது சிமெண்டில் 0.5 விழுக்காடு, மற்றதில் 2.1 விழுக்காடு. ஓராண்டு இறப்பு 23.9, 27.8 விழுக்காடு, இது சிமெண்டுக்குச் சாதகமாகத் தோன்றினாலும் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. நார்வேயில் ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வில் இந்தப் பிளவு இன்னும் அகலம்: தண்டைச் சுற்றிய முறிவு சிமெண்டில் 0.9 விழுக்காடு, சிமெண்டில்லாததில் 7.4 விழுக்காடு. விந்தை என்னவென்றால், அதே ஆய்வில் ஐந்தாம் ஆண்டில் எஞ்சியவர்களின் இடுப்பு மதிப்பெண் சிமெண்டில்லாத பிரிவில் மேலாக இருந்தது. முறிவுக்கு ஆளாகாமல் தப்பியவர்களுக்கு அந்தத் தண்டு நன்றாகவே உழைத்தது என்று கொள்ளலாம்; தப்பியவர்களில் தாமும் ஒருவராக இருப்போம் என்று யாரும் முன்கூட்டி அறிய முடியாது.

சிமெண்டுக்கு எதிரான வாதம் ஒன்றே ஒன்று, ஆனால் அது கனமானது. சிமெண்டை அழுத்தி நிரப்பும்போது கொழுப்பும் மஜ்ஜைத் துகள்களும் இரத்தத்தில் கலந்து, சிலருக்கு ஆக்சிஜன் அளவும் இரத்த அழுத்தமும் திடீரென்று சரிகின்றன. மிக அரிதாக அரங்கிலேயே உயிர் போவதும் உண்டு. கடும் இதய, நுரையீரல் நோய் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து மிகுதி என்பதால், அறுவையாளரும் மயக்க மருத்துவரும் சேர்ந்து பேசி முடிவு செய்ய வேண்டிய இடம் இது. மற்ற பெரும்பாலானோருக்கு, மெலிந்து வலுவிழந்த முதிய எலும்பில் சிமெண்டே சரியான தேர்வு. வழிகாட்டு நெறிகளும் இன்று இதில் ஏறக்குறைய ஒருமித்திருக்கின்றன.

யூனிபோலார் (ஒற்றை உருண்டை), பைபோலார் (இரட்டை உருண்டை) என்ற தேர்வில் இவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை. உருண்டைக்குள் இன்னொரு சிறு உருண்டை சுழலும் பைபோலார் அமைப்பு, உட்பக்கமே அசைவை ஏற்றுக்கொண்டு குருத்தெலும்பைக் காக்கும் என்ற எண்ணத்தில் 1970-களில் வந்தது. கருத்து அழகானது. ஆனால் பலரிடம் சில காலத்துக்குப் பின் உள் அசைவு குறைந்து, அது ஒற்றை உருண்டையைப் போலவே நடந்துகொள்கிறது. முதல் ஓராண்டில் கிண்ணத் தேய்வு பைபோலாரில் குறைவு என்று சில ஆய்வுகள் காட்டின. தொடர்ந்து பார்த்தபோது வலியிலும் நடையிலும் தெளிவான வேறுபாடு நிலைக்கவில்லை. விலை கூடுதலாக இருந்தால், அந்த வேறுபாட்டுக்காக மட்டும் அதைத் தேர்வதற்குக் காரணம் இல்லை. எந்தப் பக்கமாகத் திறந்து அறுவை செய்வது என்பதில், பின்புற வழியில் மூட்டு நழுவும் வாய்ப்பு கூடுதல். பக்கவாட்டு வழியில் இடுப்புத் தசை பலவீனமடைந்து நொண்டும் வாய்ப்பு கூடுதல். மறதி நோயாளிக்குப் பக்கவாட்டு வழி என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும்.

அறுவையே வேண்டாம் என்ற தேர்வு

இதை ஒப்பீட்டில் சேர்ப்பதற்கே பலர் தயங்குகிறார்கள். இயல்பாக நடமாடிவந்த எவருக்கும் இது தேர்வன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுவையின்றிப் படுக்கையில் கிடத்துவது அவர்களைத் தடுக்கக்கூடிய மரணத்துக்கு ஒப்படைப்பதாகும். ஆனால் வாழ்நாளின் கடைசி மாதங்களில், பராமரிப்பு இல்லத்தில், பிறர் துணையின்றி எதுவும் செய்ய இயலாத நிலையில் இருப்பவருக்குக் கணக்கு வேறு. நெதர்லாந்தில் அத்தகைய 172 பேரிடம், குடும்பத்தாரோடும் மருத்துவரோடும் கலந்து பேசித் தேர்வு செய்ய விட்ட ஆய்வில், 88 பேருக்கு அறுவை வேண்டாம் என்ற முடிவு எடுக்கப்பட்டது. அவர்களில் 83 விழுக்காட்டினர் முப்பது நாளுக்குள் இறந்தனர். அறுவை செய்தவர்களில் 25 விழுக்காட்டினர். அப்படியிருந்தும் எஞ்சிய நாள்களின் வாழ்க்கைத் தரம் அறுவை செய்யாத பிரிவில் தாழ்ந்திருக்கவில்லை. வலியைச் சரியாக அடக்கிய கவனிப்பில் குடும்பத்தார் நிறைவு கண்டனர். இந்த எண்களை மறைக்காமல் முன்வைத்துப் பேசுவது, "அறுவை செய்யாவிட்டால் கைவிட்டதாகும்" என்ற குற்ற உணர்விலிருந்து சில குடும்பங்களையேனும் விடுவிக்கும்.

பின்வரும் ஆண்டுகளில்

எந்த மூட்டைத் தேர்ந்தாலும், அடுத்த முறிவு மறுபக்கத்து இடுப்பில் காத்திருக்கக்கூடும். எலும்பு மெலிந்து வலுவிழக்கும் புரை நோய்க்கு மருந்து தொடங்காமல் வீட்டுக்கு அனுப்பப்படும் நோயாளிகள் இன்றும் ஏராளம். மூட்டைத் தேர்வதில் காட்டிய கவனத்தில் பாதியையாவது இதில் காட்டியிருக்கலாம் என்று எரிச்சல்படாமல் இருக்க முடிவதில்லை. இடுப்பு முறிவுக்கான அறுவை முடிந்து 90 நாளுக்குள் சோலெட்ரானிக் அமிலம் ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றத் தொடங்கியதை, வெற்று மருந்தோடு 2,127 பேரிடம் ஒப்பிட்ட ஆய்வில், புதிய முறிவுகள் 13.9-லிருந்து 8.6 விழுக்காடாகவும், இறப்பு 13.3-லிருந்து 9.6 விழுக்காடாகவும் குறைந்தன. சிறுநீரகம் அனுமதித்தால், கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமான அளவில் இருந்தால், இது அறுவையளவுக்கே முக்கியமான சிகிச்சை. அதேபோல், எலும்பு மருத்துவப் பிரிவுக்குப் பதிலாக முதியோர் மருத்துவப் பிரிவில் கவனிக்கப்பட்ட நோயாளிகள் நான்கு மாதத்தில் கூடுதலாக நடமாடினார்கள் என்று நார்வேயின் ட்ரான்ட்ஹைம் ஆய்வு காட்டியது. அங்கே அறுவை முறையை மாற்றவில்லை, அறுவையைச் சுற்றிய கவனிப்பை மாற்றினார்கள்.

பகுதி மூட்டோடு பல ஆண்டுகள் வாழ்பவர் கவனிக்க வேண்டியவை மூன்று. நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குக் கவட்டுப் பகுதியில் புதிதாக வலி வந்து, நடக்க நடக்கக் கூடினால், கிண்ணத்தின் குருத்தெலும்பு தேய்வதாக இருக்கலாம்; வயதில் குறைந்தவர், அதிகம் நடமாடுபவர், உருண்டையின் அளவு சரியாகப் பொருந்தாதவர் ஆகியோரிடம் இது கூடுதலாகக் காணப்படுகிறது. வலி தொடையின் நடுப்பகுதியில், அதுவும் எழுந்து முதல் சில அடிகள் வைக்கும்போது வந்தால், தண்டு தளர்ந்திருப்பதை ஐயுற வேண்டும். காய்ச்சலோடோ, காயத்திலிருந்து கசிவோடோ வலி வந்தால் அது தொற்றாக இருக்கலாம் என்பதால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி நிவாரணியை மாற்றி மாற்றிப் பார்க்காமல், பழைய எக்ஸ்ரேயையும் எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் ஒப்பிடச் செய்வது பயன் தரும்.

தேய்ந்த கிண்ணத்துக்குத் தீர்வு, பகுதி மூட்டை முழு மூட்டாக மாற்றுவதுதான். தண்டு உறுதியாக, கோணம் சரியாக, உருண்டையைத் தனியே கழற்றக்கூடியதாக இருந்தால் தண்டை அப்படியே விட்டுவிட்டுக் கிண்ணத்தை மட்டும் பொருத்த முடியும். தண்டும் உருண்டையும் ஒரே வார்ப்பாக உள்ள பழைய வகைகளில் சிமெண்டோடு தண்டையும் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கிறது; அறுவை நீள்கிறது, எலும்பு உடையும் அபாயமும் கூடுகிறது. எப்படிச் செய்தாலும், மாற்றப்பட்ட மூட்டு, முதன்முறையே பொருத்தப்படும் முழு மூட்டைவிட அதிகமாக நழுவுகிறது. ஆகவே நீண்ட காலம் வாழக்கூடியவருக்குப் பகுதி மூட்டைத் தேர்ந்தெடுக்கும் நிலை ஏற்பட்டால், உருண்டையைக் கழற்றக்கூடிய தண்டுதானா என்று அறுவைக்கு முன்பே கேட்டு, தண்டின் வகையையும் அளவையும் வெளியேறும்போது கொடுக்கும் குறிப்பில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.